றெஜினோல்ட் பாலத்தில் நிறுத்துவதில்லை

லண்டனுக்கு வந்திறங்கும் தமிழர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட றெஜினோல்டை விட்டால் ஆளில்லை என்று வால்தம்ஸ்டோவிலிருந்து கிங்ஸ்பரி வரைக்கும் பேச்சு இருந்தது. மனிதர் சரித்திரம் படித்தவர் அல்ல. யாழ்ப்பாணம் டிப்போவில் பதினொரு வருடம் பஸ் கொண்டக்டராக நின்றவர். அதனால் சனத்தை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது, எப்படி அதட்டிக்கொண்டே சிரிக்கவைப்பது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு.

அரசர்களின் பெயர்களில் எட்டாம் ஹென்றியைத் தவிர மற்றவை எல்லாம் அவருக்குக் குழம்பும். ஆறு கலியாணம் கட்டினவர் என்பதால் அந்த ஒருவர் மட்டும் நினைவில் நின்றார். லண்டன் கோட்டைக்கு முன்னால் வானை நிறுத்தி, "எங்கடை யாழ்ப்பாணக் கோட்டை மாதிரித்தான். இதுக்குள்ளை இண்டைக்கும் ராணியின்ரை நகை இருக்கு, எங்கடையுக்குள்ளை ஆமி இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். சனம் சிரிக்கும். தேம்ஸ் ஆற்றின் வற்றுப்பெருக்கைக் காட்டிப் பண்ணைக் கடலைப் பற்றிக் கொஞ்சம் அளப்பார். கிழமை நாட்களில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். சனிக்கிழமை என்றால் பத்துப் பேர் இருக்கக்கூடிய அந்தப் பழைய வெள்ளை வானும் அவரும்தான். விசிட் விசாவில் தாய் தகப்பனைக் கூப்பிட்டுவிட்டு, கூட்டிக்கொண்டு திரிய நேரமில்லாமல் டிவிக்கு முன்னால் இருத்திவைத்த பிள்ளைகள்தான் அவரைத் தேடி வந்தார்கள்.

எல்லாம் காட்டும் மனிதர், ஒன்றை மட்டும் காட்டமாட்டார். இரண்டு கோபுரம் வைத்து நடுவில் திறந்து மூடுகிற அந்தப் பெரிய பாலத்தை ஆற்றங்கரையில் நின்று தூரத்திலிருந்துதான் பார்க்க விடுவார். ஏறி நின்று ஒரு படம் எடுக்கவேண்டும் என்று யார் கெஞ்சினாலும், "அங்கை காத்து ஆளைத் தூக்கிப்போடும், ஏறுங்கோ ஏறுங்கோ, நேரம் போட்டுது" என்று வானைத் தட்டுவார். லண்டனுக்கு வந்து அந்தப் பாலத்தில் படம் எடுக்காமல் போவதா என்று முறுமுறுத்தவர்கள் பலர். காரணத்தை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

காரணம் 1987 ஐப்பசியில் இருந்தது. அப்போது அவர் லண்டனுக்கு வந்து ஒரு வருடம். வால்தம்ஸ்டோவில் இரண்டு அறைகளில் ஆறு ஆண்கள். அகதி விசாரணைக்காகக் குரோய்டனுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் பாசையூரில் அவருடைய மனைவி இம்மாகுலேற் ஷெல் பட்டுச் செத்துப்போனாள். செய்தி கொழும்புக்கு வந்து, அங்கிருந்து போனில் லண்டனுக்கு வந்தபோது, றெஜினோல்ட் வேலையில் நின்றார். போனை எடுத்தவர் அந்த வீட்டில் மூத்தவரான செபமாலைமுத்து. அவரும் பாசையூர்தான். மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு இருத்தி, விசாரணை முடியுமட்டும் றெஜிக்கு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று முடிவெடுத்தார். "இவன் அங்கை போய் உடைஞ்சு மாறிச்சாறிக் கதைச்சானெண்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். செத்தவள் செத்துப்போனாள், இவனையாவது காப்பாத்துவம்" என்பது அவர் நியாயம்.

வீட்டில் இருந்தால் போன் வரும், யாராவது உளறுவார்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் சேர்ந்து றெஜினோல்டை ஊர் பார்க்க அழைத்துப் போனார்கள். அதுதான் அவர் லண்டனை முதல்முதலாகச் சுற்றிப் பார்த்தது. பார்லிமெண்ட், அரண்மனை, கோட்டை, கடைசியாகப் பாலம். பாலத்தில் நிற்கவைத்துச் செபமாலைமுத்து ஏதோ பகிடி விட்டார். றெஜினோல்ட் வாய் நிறையச் சிரித்தார். படம் எடுத்தார்கள். "இதை இம்மாவுக்கு அனுப்பவேணும்" என்றுகூடச் சொன்னார். இம்மாகுலேற்றைப் புதைத்து அப்போது மூன்று நாள்.

விசாரணை முடிந்து திரும்பும்போது குரோய்டன் ஸ்டேஷனில், ரயில் வருவதற்கு முன்னால், செபமாலைமுத்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். றெஜினோல்ட் அழவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"பாலத்தில நான் சிரிக்கேக்கை உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்" என்றார் செபமாலைமுத்து.

றெஜினோல்ட் அன்றைக்கே உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனார். படத்தை நாலாகக் கிழித்தார். செபமாலைமுத்துவோடு அதற்குப் பிறகு ஒரு சொல் கதைக்கவில்லை. மாதாக் கோவில் வாசலில் நேருக்கு நேர் கண்டாலும் கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போய்விடுவார். என்ன கொடுமையென்றால், பின்னாளில் வான் வாங்கிச் சனத்துக்கு ஊர் காட்டத் தொடங்கியபோது, அவருக்குத் தெரிந்திருந்தது அந்த ஒரே வழிதான். பார்லிமெண்ட், அரண்மனை, கோட்டை. பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போன அதே வழியில்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வான் ஓடியது.

1996 ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு வானில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு குடும்பமும், குரோய்டனில் டாக்டராக இருக்கும் மகனைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்திருந்த சேஷாத்ரி, கனகவல்லி தம்பதியும் ஏறியிருந்தார்கள். சேஷாத்ரி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, அரசர்களின் வருடங்களைக் கேட்டுக் கேட்டு றெஜினோல்டின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஏற்றவேண்டியது கிங்ஸ்பரியில் ஒரு தாயை. பெயர் சிவனேஸ்வரி. மகள் தவமலர் வீட்டுக்குக் கொழும்பிலிருந்து வந்து மூன்று கிழமை. மகன் ஸ்ரீயும் அதே வீட்டில்தான் இருந்தான். அவன்தான் இந்தப் பயணத்துக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்தவன்.

வான் போய் நின்றதும் மருமகன் தியாகராஜா வெளியே ஓடிவந்து, படலையைச் சாத்திவிட்டு, ஜன்னலோரம் குனிந்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

"றெஜி அண்ணை, ஸ்ரீ நைட் ஷிப்ட் முடிஞ்சு வரேக்கை காரை லொறி அடிச்சுப்போட்டுது. தலையிலை காயம். ஆஸ்பத்திரியிலை ஒப்பரேஷன் செய்யினம். தவம் அங்கைதான் நிக்கிறா. மாமிக்குத் தெரியாது. அவனுக்கு ஓவர்டைம் எண்டு சொல்லியிருக்கிறம். மாமிக்குப் போன வருஷந்தான் ஹார்ட் ஒப்பரேஷன் செய்தது, இதைக் கேட்டால் தாங்கமாட்டா. நீங்கள் ஒண்டும் தெரியாத மாதிரிக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆறு மணிக்கு முதல் மட்டும் கொண்டுவராதேங்கோ."

சிகரெட் பெட்டியைக் கிழித்து அதில் ஆஸ்பத்திரி வார்டின் நம்பரை எழுதி நீட்டினான்.

ஒன்பது வருடமாக ஒரு மனிதனை மன்னிக்காத றெஜினோல்ட் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்கவேண்டும்? ஏலாது என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அவனுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பொடியன் உயிரோடுதானே இருக்கிறான், சுகப்பட்டுவிட்டால் எல்லாம் சரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். "ஓம் தம்பி" என்றார். நம்பரைச் சட்டைப் பையில் வைத்தார்.

சிவனேஸ்வரி பச்சைக் கரைச் சேலையும் சப்பாத்துமாக, இடியப்பப் பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினார். ஐம்பத்தெட்டு வயது. ஏறும்போதே கதை தொடங்கிவிட்டது.

"தம்பி, கமரா ஸ்ரீயின்ரை காரிலை கிடக்காம். உம்மட்டை இருக்கோ? பாலத்தில நிண்டு கட்டாயம் படம் எடுக்கவேணும் எண்டு நேற்று முழுக்கச் சொன்னவன்."

"இருக்கு அம்மா" என்றார் றெஜினோல்ட்.  வானை எடுத்தார்.

பார்லிமெண்டைச் சுற்றினார்கள். அரண்மனை வாசலில் கரடித்தொப்பிக் காவல்காரரைப் பார்த்தார்கள். றெஜினோல்ட் வழக்கமான பகிடிகளைச் சொன்னார், எட்டாம் ஹென்றிக்கு ஒரு மனைவியைக் கூட்டி ஏழாக்கிவிட்டார். சேஷாத்ரி விடவில்லை.

"ஆறுன்னுதானே காலையிலே சொன்னீங்க? நான் எழுதிவெச்சிருக்கேனே!"

"அவருக்கே கணக்குத் தெரியாது ஐயா" என்று றெஜினோல்ட் சொல்ல, எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது சிவனேஸ்வரிதான். பதினொரு மணிக்கு, சனத்தைக் கடையொன்றில் விட்டுவிட்டு, தெருவோரப் போன் பெட்டிக்குள் போய் நம்பரை அடித்தார். ஒப்பரேஷன் முடிந்துவிட்டது, கண் திறக்கவில்லை, பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் என்றான் தியாகராஜா. அவர் திரும்பி வந்தபோது சிவனேஸ்வரி கடையில் ஒரு கறுப்புக் கம்பளி ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வாரும். ஸ்ரீ உம்மடை உயரந்தான்." ஸ்வெட்டரை அவருடைய முதுகில் வைத்து, தோளுக்குத் தோள் பிடித்து அளந்து பார்த்தார். "அவன் குளிர் எண்டு ஒருநாளும் வாய் திறந்து சொல்லான். நாங்களா வாங்கிக் குடுத்தால்தான்." அந்தக் கை தோளில் இருந்த நேரம் முழுக்க றெஜினோல்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோட்டைக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் போட்டிருந்த மர வாங்குகளில் இருந்தபடி மத்தியானச் சாப்பாடு. சரியாக ஒரு மணிக்கு அவர் இரண்டாவது தடவை போன் பெட்டிக்குப் போனார். இந்த முறை தியாகராஜா அழுதான்.

"அண்ணை, இனி நம்பிக்கை இல்லையாம். மெஷினிலைதான் மூச்சு. இண்டைக்குத் தாண்டானாம். மாமியைக் கொண்டுவந்திடாதேங்கோ, அவவும் போடுவா. முடிஞ்சபிறகு டொக்டர் ஒருத்தரைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு, வீட்டிலை இருத்திச் சொல்லுவம்."

றெஜினோல்ட் ரிசீவரை வைத்தார். அங்கிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு, சனிக்கிழமை நெரிசலிலும், ஒன்றேகால் மணித்தியாலம். அந்த நேரமே வானை எடுத்திருந்தால் இரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதை அவர் பிறகு எத்தனையோ தடவை கணக்குப் பார்த்தார். ஆனால் அந்த நேரத்தில் அவர் செய்தது, மெதுவாக நடந்து வாங்குக்குப் போனதுதான். சொல்ல வேண்டும் என்று ஒரு அடி வைத்தால், அந்த நெஞ்சு நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது என்று அடுத்த அடி கனத்தது. சிவனேஸ்வரி அவருக்கென்று எடுத்துவைத்த இடியப்பத்தையும் சம்பலையும் நீட்டினார். வாங்கித் தின்றார். தின்றதை நினைத்துத்தான் அவர் பின்னர் அதிகம் வெட்கப்பட்டார்.

"சரி, வாரும். பாலத்துக்குப் போவம்."

"அங்கை காத்து அம்மா..."

"காத்துக்குப் பயந்தோ நான் கொழும்பிலையிருந்து வந்தனான்? அவன் வந்து முதல் கேக்கிறதே இதுதான். 'அம்மா, பாலத்தில நிண்டனீங்களோ?' எண்டு."

அவர் போனார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பாலத்தில் ஏறினார். சிவனேஸ்வரி நீலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று முந்தானையைத் தூக்கி முகத்தில் அடித்தது. கனகவல்லி ஓடிப்போய் அதை இழுத்துச் சரிசெய்ய, அதுவும் பறக்க, இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள். சிவனேஸ்வரி வாய் நிறையச் சிரித்தார். றெஜினோல்ட் கமராவைக் கண்ணில் வைத்தார். கண்ணாடித் துளைக்குள் தெரிந்த அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்த சிரிப்பு. நாலாகக் கிழித்தாலும் கிழியாத சிரிப்பு. பொத்தானை அமத்தினார்.

இரண்டு மணிக்கு வானை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு, அந்தப் பெரிய குவிமாடக் கோவிலுக்கு ஓட்டினார். சேஷாத்ரி அதை எந்த வருடம் கட்டியது என்று கேட்டார்.  றெஜினோல்ட் வானை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். பிறகு திரும்பினார்.

"அம்மா, ஸ்ரீ ஆஸ்பத்திரியிலை. காலமை கார் அடிபட்டுப்போச்சு. சரியான கடுமை. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவை. நான் இப்ப அங்கை கொண்டுபோறன்."

சிவனேஸ்வரியின் நெஞ்சு நிற்கவில்லை. கூச்சல்கூடப் போடவில்லை. மடியில் இருந்த ஸ்வெட்டர் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கெதியாப் போம்" என்றார். அவ்வளவுதான். அந்த மனிசியைத் தாங்கமாட்டா, தாங்கமாட்டா என்று சொன்னவர்கள் எல்லோரும் தங்களால் தாங்க ஏலாததைத்தான் அவர் தலையில் வைத்திருந்தார்கள்.

மணி அப்போது இரண்டு பத்து. கனகவல்லி பக்கத்தில் வந்திருந்து சிவனேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.  சேஷாத்ரி நோட்டுப் புத்தகத்தை மூடி, முன்னால் குனிந்து, "எங்களைப் பத்தி யோசிக்காதீங்க. எங்கேயும் நிறுத்த வேண்டாம், ஓட்டுங்க" என்றார். அன்றைக்கென்று எல்லா விளக்கும் சிவப்பு. ஒரு இடத்தில் ஊர்வலம் ஏதோ போகிறதென்று பொலிஸ்காரன் மறித்து வேறு தெருவால் திருப்பிவிட்டான். சிவனேஸ்வரி ஒரே ஒரு தடவை, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

மூன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரி. தவமலர் வார்டு வாசலில் நிலத்தில் இருந்தாள். தாயைக் கண்டதும் எழும்பி ஓடிவந்து கட்டிக்கொண்டு கத்திய கத்தலில் எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்ரீ போய் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

தியாகராஜா பாய்ந்து வந்து றெஜினோல்டின் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். "ஆரைக் கேட்டு நீர் இஞ்சை கொண்டுவந்தனீர்? ஆறு மணி எண்டெல்லோ சொன்னனான்!"

"விடு அவரை" என்றார் சிவனேஸ்வரி. மகனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகம் காய்ந்து கிடந்தது. றெஜினோல்டுக்கு நேர் முன்னால் வந்து நின்றார்.

"பாலத்தில நான் சிரிக்கேக்கை உமக்குத் தெரியும், என்ன?"

சொல்லுக்குச் சொல் அதே கேள்வி.

"ஓம் அம்மா."

சிவனேஸ்வரி திரும்பி உள்ளே போனார். ஸ்வெட்டர் வானில் கிடந்தது. கனகவல்லிதான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு றெஜினோல்ட் செபமாலைமுத்துவின் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த மனிதர் தலை முழுக்க நரைத்து, மெலிந்து போயிருந்தார். ஒன்பது வருடக் கோபத்துக்கு என்ன சொல்வது என்று றெஜினோல்ட் யோசித்துக்கொண்டு வந்தவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"முத்தண்ணை, நானும் செய்துபோட்டன்" என்றார். சொல்லி முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. செபமாலைமுத்து ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். வெகுநேரம் கழித்து, "அண்டைக்கு உன்ரை படத்தை எடுத்துப்போட்டு நான் கீழை இறங்கி ஆத்தங்கரையிலை திண்டதெல்லாம் சத்தி எடுத்தனான்ரா. உனக்குத் தெரியாது" என்றார். றெஜினோல்டுக்கு அது தெரியாது.

ஸ்ரீயின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாளில் சிவனேஸ்வரி அவரைத் தேடிக்கொண்டு வந்தார். தவமலர் காரைவிட்டு இறங்கவில்லை. சிவனேஸ்வரி வாசலிலேயே நின்றார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

"வியாழக்கிழமை நான் போறன். அந்தப் படம் எங்கை?"

"கழுவக் குடுக்கேல்லை அம்மா." கமராவில் இருந்து சுருளை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தார், தொடக்கூட மனமில்லாமல்.

"இப்ப குடும். நானும் வாறன்."

தெருமுனைக் கடையில் ஒரு மணித்தியாலத்தில் படம் கழுவிக் கொடுப்பார்கள். சுருளைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்த இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். சிவனேஸ்வரி சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். றெஜினோல்டும் பார்த்தார். ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளம் என்பதை முள் ஒவ்வொரு கோடாகக் காட்டிக்கொண்டு போனது. ஆற்றங்கரையில் அவர் விழுங்கிய ஒரு மணித்தியாலமும் இதே நீளந்தான். 

படங்கள் வந்தன. அந்தக் கடையில் எதையும் இரண்டு பிரதியாகத்தான் கொடுப்பார்கள். டென்மார்க்குப் பிள்ளைகள், சேஷாத்ரி, கோட்டை எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி, சிவனேஸ்வரி தன் படத்தில் நிறுத்தினார். நீலக் கம்பி, பறக்கிற முந்தானை, வாய் நிறையச் சிரிப்பு.

"இது எத்தனை மணிக்கு எடுத்தது?"

"ஒண்டரை, அம்மா."

"அப்ப அவன் இருந்தவன்."

"ஓம். இருந்தவர்."

விரலால் அந்தச் சிரிப்பைத் தொட்டார். "இதிலை நிக்கிறவளுக்கு மகன் இருக்கிறான்" என்று மெல்லச் சொன்னார். ஒன்றை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்தார். எழும்பிப் போகப் புறப்பட்டவர், நின்று, மற்றப் பிரதியை எடுத்து றெஜினோல்டின் கையில் வைத்தார்.

"இது உமக்கு. நான் அவனுக்குப் பக்கத்தில இருக்கவேண்டிய நேரம் இது. பாதி உம்மட்டைத்தான் இருக்கவேணும்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு காருக்குப் போனார். றெஜினோல்ட் அந்தப் படத்தைப் பிடித்தபடி கடைக்காரி கூப்பிடுமட்டும் அங்கேயே நின்றார். குளிர் காலம் தொடங்குமுன் வானை விற்றுவிட்டார். இந்தப் படத்தை அவர் கிழிக்கவில்லை.